ரகசிய வாக்குப்பதிவு வகுப்பறைப் பெட்டி: வாங்கலாம், குடவோலை அட்டையை எடுத்துவிட்டு

ஒன்பதாம் வகுப்புத் தேர்தல் பாடத்துக்கு, 40 மாணவர், இரண்டு பீரியட் என்று கணக்கிட்டுத் தயாரித்த பெட்டி. உள்ளே அட்டைத் தடுப்பு, நான்கு வாக்குப்பெட்டிகள், 100 வாக்குச்சீட்டுகள், முத்திரை ஒன்று, ஸ்டாம்ப் பேட், பதிவேடு, வரலாற்று அட்டைகள்.

கொடுத்த காசுக்கு அந்தப் பதிவேடு ஒன்றே போதும். 1872க்கு முன் பிரிட்டனில் வாக்காளர் எல்லார் முன்னிலையிலும் வேட்பாளர் பெயரைச் சொல்வார், எழுத்தர் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். யார் யாருக்குப் போட்டார் என்பது புத்தகமாக அச்சாகி வெளிவரும். நிலக்கிழார், குத்தகை விவசாயி, கடைக்காரர் என்று வேடம் கொடுத்து இதை நடத்தினால் குத்தகைக்காரரின் குரல் தானாக இறங்கும். பெட்டியோடு வரும் கையேடு ரகசியச் சுற்றை முதலில் வைத்திருப்பது தவறு. வெளிப்படைச் சுற்றை முதலில் நடத்தி, அதே கேள்விக்கு மறுபடி ரகசியமாக ஓட்டெடுத்து, இரண்டு எண்ணிக்கையையும் பலகையில் பக்கத்தில் எழுத வேண்டும். நிஜ வகுப்புத் தலைவர் தேர்தலை இதற்கு எடுக்காதீர்கள், மனக்கசப்பு மிஞ்சும்.

ஆஸ்திரேலியா அட்டையில் ஒரு பிழை. விக்டோரியாவில் 1856இல் அரசே அச்சிட்ட சீட்டில் வேண்டாதவர் பெயரை அடிப்பதுதான் முறை. அட்டையோ பெருக்கல் குறி போடச் சொல்கிறது. இங்கிலாந்து ஊரான பான்டிஃபிராக்ட் பற்றிய அட்டை அருமை: 1872 ஆகஸ்ட் 15 அன்று அங்கே ரகசிய வாக்குமுறையில் நடந்த இடைத்தேர்தலில் வாக்குப்பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்க அதிமதுர மிட்டாய் ஆலையின் அச்சைப் பயன்படுத்தினார்கள்.

நான்கு பெட்டிகள் 1951–52 இந்தியத் தேர்தலுக்காக. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, மேலே சின்னம், சீட்டில் எந்தக் குறியும் வேண்டாம். ஆனால் தடுப்பின் அகலத்துக்குள் இரண்டு பெட்டிகளே அடங்குகின்றன. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியில் சீட்டு விழுவதை முன்பெஞ்சு பார்த்துவிடும். தடுப்பை விட்டுவிட்டு வகுப்பின் பின்மூலையில் பீரோ மறைவில் வையுங்கள். குறியில்லாச் சீட்டை வெளியே கடத்தி வேறொருவரிடம் கொடுக்க இம்முறையில் வழியுண்டு. ஒரு மாணவரை அப்படிச் செய்ய வைத்தால், 1962 பொதுத்தேர்தலில் முத்திரை குத்தும் முறை ஏன் வந்தது என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

முத்திரைச் சுற்றில்தான் அதிகத் தொல்லை. தாள் மெலிது, மை பின்பக்கம் தெரிகிறது. கொஞ்சம் தடித்த தாளில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக மடிக்கச் சொல்லுங்கள். மாற்றி மடித்தால் ஈர மை இன்னொரு பெயரின்மேல் ஒட்டும். அம்புக்குறி முத்திரை என்பதால் ஒட்டிய குறி கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரியும், அசலைப் பிரித்தறியலாம். ஆளுக்கு அரை நிமிடம் என்றாலும் ஒரே முத்திரையால் 20 நிமிடம் போய்விடும். இன்னொன்று வாங்கிவிடுங்கள்.

குடவோலை அட்டைக்கு வருவோம். 'உலகின் முதல் ரகசிய வாக்கெடுப்பு' என்று தலைப்பு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு சொல்வது வேறு: தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சபையோர் முன் சிறுவன் ஒருவன் எடுப்பான். அது குலுக்கல். அங்கே யாரும் ஓட்டுப் போடவில்லை, மறைக்கவும் ஒன்றுமில்லை. பெருமைக்காகச் சேர்த்த அட்டை இது. தேர்வுத் தாளில் அப்படியே எழுதி வைப்பார்கள்.