‘பார்க் அண்ட் சேல்’ என்று காரை விட்டுவிட்டு வருபவர்கள் கவனத்துக்கு: எனக்குப் போனது ரூ. 4,75,000

ரூபாய் 4,75,000. என் காரை விற்றுத் தருகிறேன் என்று வாங்கி நிறுத்திக்கொண்ட ஒரு கடை, எனக்குத் தெரியாமல் அமுக்கிய பணம் இது. நேற்று இரவுதான் தெரியவந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார், சொகுசுக் கார் வைத்திருந்து விற்கிற யோசனையில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கோவையில் பழைய சொகுசுக் கார்களை மட்டும் வாங்கி விற்கும் இடம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வண்டி ஆடி கம்பெனியின் டிடி ஸ்போர்ட்ஸ் கார். 2016 மாடல், சிங்கிள் ஓனர், 2.0 டிஎஃப்எஸ்ஐ (ரெண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்), குவாட்ரோ (நாலு சக்கரத்துக்கும் டிரைவ்). இந்த மூன்றாம் தலைமுறை டிடி 2015-ல் இந்தியாவுக்கு வந்தபோது டெல்லி எக்ஸ் ஷோரூம் விலையே 60 லட்சத்து 34 ஆயிரம். எல்லா சர்வீஸும் கம்பெனியில்தான் செய்தேன். பில்கள் வரிசையாக கிளவ் பாக்ஸில் இருக்கும். அந்த பில்கள்தான் கடைசியில் இவர்களைக் காட்டிக்கொடுத்தன.

எங்களுக்குள் பேசியது இதுதான்: வண்டி யார்டில் நிற்கும், பார்ட்டியை அவர்கள் பிடிப்பார்கள், விற்ற விலையில் அவர்களுக்கு இரண்டு சதவீத கமிஷன் போக மீதி எனக்கு. பேசியதில் எந்தக் குழப்பமும் இல்லை, வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது.

நம்பவைத்த விதத்தைச் சொல்கிறேன். விலை போடுபவர் பானெட்டைத் திறந்தார். கூலன்ட் டேங்கைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, அதில் வார்த்திருந்த எண்ணைக் காட்டினார். 5க்யூ0 என்று தொடங்கியது. பக்கத்திலேயே ஃபோக்ஸ்வேகன் முத்திரையும் ஆடியின் நாலு வளையமும் சேர்ந்தே இருந்தன. “இது ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காருக்குப் போட்ட நம்பருங்கண்ணா. அடித்தளம் எம்க்யூபி பிளாட்ஃபார்ம், ஸ்கோடா ஆக்டேவியாவோடதேதான். ஆக்டேவியா ஆர்எஸ் 2017-ல வந்துச்சே, அதுவும் இதே ரெண்டு லிட்டர், இதே 230 குதிரை, எக்ஸ் ஷோரூம் 24 லட்சத்து 62 ஆயிரம். வர்ற பார்ட்டி எல்லாம் யூடியூப் பார்த்துட்டு இதையேதான் சொல்லி அடிக்கிறான். ரெண்டு சீட்டு வண்டி மாதிரி வேற, பின்னாடி குழந்தைகூட உட்காராது. பதினேழுக்கு மேல வராதுங்கண்ணா, வந்தா உங்க அதிர்ஷ்டம்” என்றார்.

ஒரு சொல் பொய் இல்லை. வண்டியைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை, அதனால்தான் விலையையும் நம்பினேன். சும்மா அடித்துவிடுகிற ஆளாக இருந்தால் அங்கேயே கிளம்பியிருப்பேன். பார்ட் நம்பர் வரைக்கும் காட்டிப் பேசுகிறவரிடம் ரெண்டு சாவியும் ஆர்சியும் கையெழுத்துப் போட்ட பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30-உம் கொடுத்தேன். சில வாரம் கழித்து, “பார்ட்டி கறாரா பதினேழுலயே நிக்கிறாருங்கண்ணா, முடிச்சுரலாமா?” என்று போன். சரி என்றேன். 17 லட்சத்தில் கமிஷன் 34,000 பிடித்துக்கொண்டு மீதி வந்தது.

நேற்று சேலத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். என் வண்டியை வாங்கியவர். கிளவ் பாக்ஸில் இருந்த பில்லில் என் நம்பரைப் பார்த்திருக்கிறார். “சார், ஹால்டெக்ஸ் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?” என்றுதான் கேட்டார் (பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் கிளட்ச்சின் ஆயில் அது). நல்ல மனிதர். பேச்சோடு பேச்சாக, “இருபத்தொண்ணே முக்கால் கொடுத்தேன், வண்டிக்கு அது தகும் சார்” என்றார். எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. கடையின் கணக்குக்கு அனுப்பிய 21,75,000-க்கான வங்கி ரசீதை அவரே அனுப்பினார்.

அவரிடம் என்ன சொல்லி விற்றார்கள் தெரியுமா? “டிடி இனிமே வராது சார். ஹங்கேரியில க்யோர் ஃபேக்டரியில 2023 நவம்பரோட கடைசி வண்டி இறங்கிருச்சு. இருபத்தஞ்சு வருஷ டிசைன் சார் இது. வெளித்தகடு பூரா அலுமினியம். ஆக்டேவியா ஆர்எஸ் முன்சக்கர டிரைவ், இது குவாட்ரோ. இதையும் அதையும் ஒண்ணா வச்சுப் பேசுறவனுக்கு வண்டியே தெரியாது.” அதுவும் ஒரு சொல் பொய் இல்லை. விற்கிறவனிடம் உள்ளே இருப்பதைக் காட்டி விலையை இறக்கினார்கள், வாங்குகிறவனிடம் வெளியே இருப்பதைக் காட்டி ஏற்றினார்கள். நடுவில் நின்ற 4,75,000-ஐ எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் என்னிடம் கமிஷன் வேறு!

இந்த ‘பார்ட்ஸ் எல்லாம் ஒண்ணுதான்’ பேச்சு இப்போது சந்தை முழுக்க ஓடுகிறது, அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆடி ஆர்8-உம் லம்போர்கினி ஹுராக்கானும் ஒரே 5.2 லிட்டர் வி10 (பத்து சிலிண்டர்) இன்ஜின். ஆஸ்டன் மார்ட்டின் டிபி7-க்கு அடித்தளம் ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ், பின்விளக்கு மஸ்தா 323-னுடையது. 1999-ல் லம்போர்கினி டியாப்லோவுக்கு நிசான் 300இசட்எக்ஸின் முன்விளக்கைத்தான் போட்டார்கள். டியாப்லோவை யாராவது நிசான் விலைக்குக் கேட்பார்களா? பொதுப் பாகம் மட்டுமே ரீசேலைக் கொல்வதில்லை, அது எங்கே தெரிகிறது என்பதுதான் விஷயம். போர்ஷே 996 தலைமுறை 911-ல் முன்முகமும் கதவும் விலை குறைந்த பாக்ஸ்டரோடு பொதுவாகப் போனது. இன்ஜினுக்குள் இருக்கும் ஐஎம்எஸ் பேரிங் உடையும் பிரச்சினையும் சேர, பழைய 911-களில் பொதுவாக மலிவாகக் கிடைப்பது இன்றும் அதுதான். டிடியில் பொதுவானது எல்லாம் தகட்டுக்கு அடியில் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து கை வைத்தால் ஏசி வென்ட்டின் நடுவிலேயே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். அது எந்த ஆக்டேவியாவிலும் கிடையாது. இதெல்லாம் அந்தக் கடைக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பாதியை என்னிடமும் மீதியை அவரிடமும் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை கடை திறந்ததும் போய் நின்றேன். முதலில், “ரீகண்டிஷனிங் செலவுங்கண்ணா, நாலு டயரும் புதுசு போட்டோம்.” பில் கொடுங்கள் என்றேன். அக்கவுண்ட்ஸ் பெண் லீவாம். அங்கிருந்தே சேலத்துக்காரருக்குப் போன் போட்டேன். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பார்த்துப் படித்தார்: 2223. 2023-ன் 22-வது வாரம் தயாரான டயர், என் காசில் நான் போட்டது, என் பில்லிலும் அதே எண். அதைக் காட்டினதும் பேச்சு மாறியது. மேனேஜர் வந்து, “பதினேழுக்கு ஒத்துக்கிட்டது நீங்கதானே சார், நாங்க எவ்வளவுக்கு வித்தா உங்களுக்கென்ன?” என்றார். காலையில் ‘அண்ணா’, பத்து மணிக்கு ‘சார்’. ஓனர் ஊரில் இல்லை. அப்புறம் போன் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

எனக்கென்ன என்று கேட்டாரே, அதற்கு வக்கீல் பதில் வைத்திருக்கிறார். ஒருவருக்காக விற்றுத்தர ஒத்துக்கொண்டவர், அவருக்குத் தெரியாமல் தன் கணக்கில் வியாபாரம் பண்ணி லாபம் பார்த்தால், அந்த லாபத்தைக் கேட்டு வாங்கும் உரிமை சொந்தக்காரருக்கு உண்டு. 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 216. நோட்டீஸ் தயாராகிறது. 4,75,000-உம் வேண்டும், அந்த 34,000-உம் வேண்டும்.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இவை:

வாங்குகிறவரிடம் நேரில் பேசாமல் விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் அவர் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும், கமிஷனை நீங்கள் கொடுங்கள். ஃபார்ம் 29, 30-ஐ வாங்குபவர் பெயர் நிரப்பாமல் தரவே தராதீர்கள். பழைய வண்டி விற்பவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் ஆர்டிஓ அங்கீகாரம் கட்டாயம், சான்றிதழைக் கேளுங்கள். வண்டியைக் கடையிடம் ஒப்படைக்கும்போது அதை ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கும் ஃபார்ம் 29சி போட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும், மழுப்பினால் சாவியோடு திரும்பி வாருங்கள். பார்ட் நம்பரைக் காட்டி விலையை இறக்கினால், அதே கடையில் வேறு ஒருவரை வாங்குபவர் போலப் பேசச் சொல்லி உங்கள் வண்டிக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

இதே கடையில் வண்டி விட்டவர்கள் கோவை, திருப்பூர் பக்கம் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். இப்போதே உங்கள் வண்டியை வாங்கியவரைத் தேடிப் பிடித்து எவ்வளவு கொடுத்தார் என்று கேளுங்கள்.