சிவப்பா, குழியா: எம்.எஸ். ஊசிகளில் தோலுக்கு எது தேவலை?

எம்.எஸ். என்பது மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய். அதற்கான ஊசி மருந்தை வருடத்துக்கு எத்தனை தடவை குத்திக்கொள்கிறோம்? தோலைப் பற்றிய பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கிளாடிராமர் 20 மில்லிகிராம் தினமும் போடுவது, அதாவது 365. அதையே 40 மில்லிகிராமாக வாரம் மூன்று முறை போட்டால் 156. தசையில் போடும் இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ வாரம் ஒருமுறை, 52. ஆஃபடுமுமாப் முதல் சில வாரங்களுக்குப் பிறகு மாதம் ஒன்றுதான்.

கிளாடிராமர் போட்ட சில நிமிடங்களில் பெரிய பூச்சி கடித்த மாதிரி தடித்து, சிவந்து, எரியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். எனக்குக் கவலை தருவது வேறு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு கரைந்து குழி விழும். வலிக்காது, அரிக்காது, ஆனால் பெரும்பாலும் திரும்ப நிரம்பாது. தொடையில் கட்டைவிரலால் அழுத்திய மாவு போல அப்படியே நிற்கும்.

தோலுக்கடியில் போடும் இன்டர்ஃபெரானில் எரிச்சல் குறைவாக இருக்கலாம், சிவப்புத் திட்டோ வாரக்கணக்கில் போகாது. அரிதாக அந்த இடம் கருநீலமாகி, தோல் செத்து, புண்ணாகிவிடும். அப்படித் தெரிந்தால் அங்கே மறுபடி குத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தசை ஊசியில் இந்தத் தொல்லை குறைவு. ஊசிதான் நீளம், அதைப் பார்த்தே சிலர் பின்வாங்குவார்கள். ஊசி போட்ட அன்று காய்ச்சலும் உடல்வலியும் வருவது இந்த இரண்டு வகை இன்டர்ஃபெரானுக்கும் பொது.

தோலை மட்டும் பார்த்தால் என் ஓட்டு ஆஃபடுமுமாபுக்கு. சரி, தோலை மட்டும் பார்த்து யார் மருந்து எடுக்கிறார்கள்? அது பி செல்களை, அதாவது நோய் எதிர்ப்புக்கான ஒருவகை வெள்ளணுக்களை, குறைக்கும் மருந்து; தொற்று அபாயத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. கிளாடிராமர் போட்டதும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்துச் சில நிமிடங்களில் தானாக அடங்குவதுண்டு. அடங்காமல் மூச்சுத் திணறினாலோ, உடம்பெங்கும் தடித்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். பல வருடம் ஒன்றும் ஆகாதவர்களுக்கும் கடும் ஒவ்வாமை வரலாம்.

எந்த ஊசியானாலும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் குத்தாதீர்கள், அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். துடைத்த ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்துங்கள், குத்திய இடத்தைத் தேய்க்காதீர்கள். குளிக்கும்போது பழைய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே பள்ளம் விரலுக்குத் தெரிந்துவிடும்.