89 வெள்ளிப் பெட்டியும் 20 ஆக்சில் பாக்ஸும்

அப்பா கேடிஎம் என்ற மலேசிய ரயில்வேயில், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ஸ்டேஷனை விட்டுப் போனதோடு அந்தப் பாதையும் மூடப்பட்டது. அப்பா மட்டும் இன்னும் மூடவில்லை. ஈசூன் வீட்டில் சாப்பாட்டு மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டு அதே பாதையில் இருந்த புக்கிட் தீமா ஸ்டேஷனை 87-இல் ஒரு பங்கு அளவு மாதிரியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். கூடவே ஆறு கூட்ஸ் வேகன். வேகனுக்கு நாலு ஆக்சில் பாக்ஸ் (சக்கர அச்சின் முனையைத் தாங்கும் பெட்டி), ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர்கூட வராது. பிளாஸ்டிக் அட்டையைச் செதுக்கி முதல் நாலைச் செய்து முடிக்க ஒன்பது நாள் பிடித்தது. "இன்னும் இருபது இருக்கேம்மா, கண்ணு வேற தெரிய மாட்டேங்குது" என்றார்.

நான் பல் செட் செய்யும் கூடத்தில் டெக்னிஷியன். அச்சு எடுப்பதும் வார்ப்பதும் எனக்குச் சோறு போடும் வேலை. அப்பா செய்த நாலையும் அச்செடுத்து மிச்ச இருபதையும் ரெசினில், அதாவது இறுகிப் பிளாஸ்டிக்காகும் திரவத்தில், வார்த்துவிடலாம் என்று 'முதல்முறை வார்ப்பவர்களுக்கு' என்று இணையத்தில் விற்ற ஒரு ரெசின் பெட்டியை 89 வெள்ளி கொடுத்து வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதவில்லை. இந்த மாதிரிப் பெட்டிகளில் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் உங்களுக்குத் தேவை.

உள்ளே இருந்தவை: பிளாட்டினம் ரகச் சிலிக்கோன் (பிளாட்டினத்தின் உதவியால் இறுகி ரப்பராகும் அச்சுப் பொருள்) இரண்டு டப்பா, பாலியூரிதேன் ரெசின் இரண்டு பாட்டில், களிமண், காகிதக் கப், ஐஸ்கிரீம் குச்சி மாதிரி மரக்குச்சிகள், கையுறை, ஒரு சின்னப் புத்தகம். சிலிக்கோனும் சரி ரெசினும் சரி, இரண்டு பாகத்தையும் சம அளவு கலந்தால் போதும். தராசு தேவையில்லை. புதியவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

கையுறையைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது, லேட்டக்ஸ். பல் அச்சு எடுக்கப் பிசைகிற சிலிக்கோன் மாவும் இதே பிளாட்டினம் ரகம்தான். லேட்டக்ஸ் கையுறையோடு பிசைந்தால் அது இறுகாது, கையுறையில் இருக்கும் கந்தகம் பிளாட்டினத்தை வேலை செய்ய விடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். பெட்டி போட்டவருக்குத் தெரியவில்லையே என்று மனதுக்குள் ஒரு சிரிப்பு. கையுறையை வீசிவிட்டு நீல நைட்ரைல் போட்டுக்கொண்டேன்.

சிரிப்பு ஆறு மணி நேரம்தான் நிலைத்தது. அப்பாவின் நாலு பாக்ஸையும் களிமண் தட்டில் பதித்து, சுற்றி லெகோ கட்டைகளால் சுவர் எழுப்பி, ஒரு மூலையில் உயரத்திலிருந்து நூல் மாதிரி சிலிக்கோனை ஊற்றினேன். அப்படி ஊற்றினால் காற்றுக் குமிழ் வழியிலேயே உடைந்துவிடும். இரவு பிரித்துப் பார்த்தால் மேல்பக்கம் அருமையான ரப்பர். களிமண்ணைத் தொட்ட பக்கம் பஞ்சாமிர்தம். களிமண்ணிலும் கந்தகம்! கையுறையைக் கண்டுபிடித்த எனக்கு அது தோன்றவே இல்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் எடுத்துக்கொண்டு தன் ஒன்பது நாள் வேலையைக் கழுவ உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை.

இரண்டாவது தடவை களிமண்ணே வேண்டாம் என்று தட்டையான பிளாஸ்டிக் அட்டையில் பாக்ஸ்களை லேசாக ஒட்டி ஊற்றினேன். பாக்ஸின் பின்புறம் தட்டை என்பதால் ஒரே பாக அச்சு போதும். இந்த முறை வந்த அச்சைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். மூடியிலிருந்த போல்ட் தலைகள், அப்பாவின் கத்தி வழுக்கிய ஒரு கீறல், எல்லாம் அப்படியே பதிந்திருந்தன. சிலிக்கோனைப் பொறுத்தவரை இந்தப் பெட்டிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ரெசின்தான் சிங்கப்பூரோடு சண்டை போடும் பொருள்.

புத்தகத்தில் கலந்தபின் மூன்று நிமிட அவகாசம் என்று போட்டிருக்கிறது. பக்கத்திலேயே பொடி எழுத்தில் 23 டிகிரி என்றும் இருக்கிறது. பிற்பகலில் என் சமையலறை 31. ஒன்றரை நிமிடத்தில் கப்பில் இருந்த தெளிவான திரவம் ஓரத்திலிருந்து பால் மாதிரி வெளுக்க ஆரம்பித்தது, கையில் சுட்டது, மூன்றாவது பள்ளத்தை நிரப்புவதற்குள் கல்லாகிவிட்டது. நிரம்பிய இரண்டும் உள்ளே பஞ்சு மாதிரி நுரைத்திருந்தன. இந்த ரெசினின் ஒரு பாகத்துக்கு ஈரம் ஆகாது. தண்ணீர் பட்டால் கரியமில வாயு வரும், வாயு வந்தால் நுரை. காகிதக் கப்பும் மரக்குச்சியும் நம் ஊர் காற்றில் கிடந்தாலே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதாவது நுரைக்குத் தேவையானதையும் பெட்டியிலேயே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் டைசோ கடையில் சின்ன பிளாஸ்டிக் கப், மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச், கலக்குவதற்கு என்னுடைய பழைய மெழுகுக் கத்தி. நுரை பெரும்பாலும் நின்றது.

சூட்டுக்கு ஏர்கான்தான் வழி. ஆனால் அறையை அடைத்துக்கொண்டு ஊற்றக்கூடாது. இது ஐசோசயனேட் சேர்ந்த பொருள், மூச்சுக்குழாய்க்கு ஆகாது. சாதாரண முகக்கவசம் ஆவியைத் தடுக்காது, கரிம ஆவிகளை (organic vapour) வடிகட்டும் மாஸ்க் வேண்டும். அதனால் பாட்டில்களை மட்டும் ஒரு மணி நேரம் ஏர்கான் அறையில் வைத்துவிட்டு, திறந்த ஜன்னல் பக்கத்தில் வந்து ஊற்றுகிறேன். ஏர்கானை 26-க்குக் கீழே இறக்க வேண்டாம். குளிரான எம்ஆர்டி ரயிலிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதே பனி பாட்டில் வாயிலும் படியும். அப்புறம் மறுபடி நுரைக் கதைதான்.

புத்தகம் சொல்லாத இன்னொன்று. கப்பில் மிச்சமிருந்த ரெசின் பத்து நிமிடத்தில் டக்கென்று இறுகிவிட்டது. பாக்ஸ்களும் இறுகியிருக்கும் என்று பிடுங்கினேன், சூயிங்கம் மாதிரி வளைந்து வந்தன. இறுகுவதற்கு வேண்டிய சூடு ரெசினிலிருந்தேதான் வருகிறது. துளியளவு ரெசினில் ஏது அவ்வளவு சூடு? சின்னப் பாகங்களை முக்கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

ஊற்றுவதற்கு முன் அச்சில் கொஞ்சம் பேபி பவுடர் தூவி, தட்டி உதறிவிட்டால் மூலைகளுக்குள் ரெசின் தானாக ஓடுகிறது. ஊற்றியபின் மேலே ஓஎச்பி தாளை (தெளிவான பிளாஸ்டிக் தாள்) ஓரத்திலிருந்து சாய்த்து அழுத்தினால் பின்புறம் கண்ணாடி மாதிரி தட்டையாக வரும், பிசிறும் வெங்காயத் தோல் அளவுதான் இருக்கும். மிச்சக் குமிழை நசுக்க அழுத்தப் பானை உண்டு. எங்கள் கூடத்திலேயே அக்ரிலிக்குக்கு ஒன்று இருக்கிறது. ஆசைதான், ஆனால் வாய்க்குள் போகும் பொருளைச் செய்யும் பானையில் இதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நாலு பள்ளம், ஐந்து தடவை ஊற்றினால் இருபது என்பது கணக்கு. நடந்தது ஒன்பது தடவை. இருபது பாக்ஸுக்கும் சேர்த்து ஒன்றரை மில்லிலிட்டர் ரெசின்கூட ஆகாது. ஆனால் ரொம்பக் குறைவாகக் கலந்தால் அளவு பிசகும் என்று ஒவ்வொரு தடவையும் நாலு மில்லி கலந்தேன், பெரும்பகுதி குப்பைக்குத்தான் போனது. திறந்த பாட்டில்கள் இப்போது பழைய பிஸ்கட் டின்னில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிக் கிடக்கின்றன.

வாங்கலாமா? சிலிக்கோனும் ரெசினும் நல்ல சரக்கு. மற்றவை எல்லாம் ஊர் தெரியாமல் போட்ட பொட்டலம். அதே கடையில் இரண்டையும் தனித்தனியாக வாங்கினால் 72 வெள்ளி. மிச்சம் 17 வெள்ளியில் நைட்ரைல் கையுறை, கப், சிரிஞ்ச் எல்லாம் வந்துவிடும். நான் அப்படித்தான் வாங்கியிருக்க வேண்டும்.

அப்பா பூதக்கண்ணாடி வைத்து இருபதையும் பார்த்தார். இரண்டைத் தள்ளி வைத்தார், போல்ட் தலையில் குண்டூசி முனையளவு குழி. "மறுபடி ஊத்தும்மா. அப்படியே பிரேக் லீவர் ஒண்ணு செதுக்கித் தரேன், பன்னெண்டு வேணும்."