டென்வரில் ஒரு கஞ்சா டி.யூ.ஐ. வழக்கு: வழக்கறிஞர் அலுவலகத்தின் சேவை எப்படி இருந்தது?

கொலராடோவில் 21 வயது நிரம்பியவர் கஞ்சாவைக் கடையிலேயே வாங்கலாம். அதன் தாக்கத்தோடு கார் ஓட்டினால் மதுவுக்கு உள்ள அதே டி.யூ.ஐ. (போதையில் வாகனம் ஓட்டுதல்) சட்டம் பாயும். சென்ற ஆண்டு என் மைத்துனர் மீது இந்தக் குற்றச்சாட்டு பதிவானபோது, டென்வரில் இரண்டே வழக்கறிஞர்கள் நடத்தும் ஒரு சிறிய அலுவலகத்தை அமர்த்தினோம்.

முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் நாங்கள் பேசிய இருவர், விவரத்தை முழுதாகக் கேட்காமலே, டி.டபிள்யூ.ஏ.ஐ. (போதையால் ஓட்டும் திறன் சற்றே குறைந்த நிலையில் ஓட்டுதல்) என்னும் குறைந்த பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடலாம் என்றார்கள். இந்த அலுவலகத்தின் வழக்கறிஞரோ இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் காவலரின் உடற்கேமரா பதிவையும் பார்க்காமல் எதுவும் சொல்ல மறுத்தார்.

அறிக்கையில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 6 நானோகிராம் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) என்றிருந்தது. சட்டம் குறிப்பிடும் அளவு 5 என்பதால் எங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. மதுவில், இரத்தத்தில் அதன் அளவு 0.08 சதவீதத்தை எட்டினாலே குற்றம். கஞ்சாவில் 5 என்பது, ஓட்டியவர் போதையில் இருந்தார் என்று ஜூரி அனுமானித்துக்கொள்ள இடம் தரும் அளவு மட்டுமே, அந்த அனுமானத்தை மறுத்து வாதாடலாம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவதால், அடிக்கடி பயன்படுத்துபவருக்குப் போதை தெளிந்து வெகுநேரம் ஆன பின்னும் இரத்தத்தில் அது தென்படும். இத்தகைய நிலையான வரம்புக்கு அறிவியல் அடிப்படை இல்லை என ஏ.ஏ.ஏ. என்னும் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016-இல் வெளியிட்ட ஆய்வையும் அவர் எடுத்துவைத்தார்.

ஆனால் வழக்கைத் திருப்பியது ஆய்வு அல்ல, காணொளி. ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்கும் சோதனையில் தள்ளாடியதாகக் காவலர் எழுதியிருந்தார். பதிவில் மைத்துனர் ஒரே ஒரு முறைதான் காலை ஊன்றினார். கண்மணி பக்கவாட்டில் துடித்ததாகவும் எழுதியிருந்தார். அது மதுவின் அடையாளம், கஞ்சாவால் பொதுவாக வருவதில்லை என்று போதை கண்டறியும் காவலர்களுக்கான பயிற்சியிலேயே கற்றுத்தருகிறார்கள். இந்த இரண்டையும் முன்வைத்துப் பேசியதில், டி.யூ.ஐ.யை நிரூபிப்பது கடினம் என்று அரசுத் தரப்பு ஏற்றது; கவனக்குறைவாக ஓட்டியதற்கான அபராதத்தோடு வழக்கு முடிந்தது.

ஹெச்1பி விசாவில் இருப்பவர்கள் இந்த அலுவலகத்தை நாடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தீர்ப்பு வரும் முன்பே, போதையில் ஓட்டியதாகக் கைதானதை மட்டும் வைத்து வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம் என்பதையும், மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டம் கஞ்சாவை அனுமதிக்காததால் குடிவரவு அதிகாரியிடம் 'பயன்படுத்தினேன்' என்று சொல்வதே வினையாகலாம் என்பதையும் முதல் நாளே எச்சரித்தார். நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளும் வாசகத்தில் போதைப்பொருள் என்ற சொல்லே வராதபடி, குடிவரவு வழக்கறிஞர் ஒருவரையும் கலந்து எழுதினார். முன்பு பேசிய இருவரும் மைத்துனரின் விசா நிலையைக் கேட்கக்கூட இல்லை.

குறைகளும் உண்டு. கட்டணம் 6,500 டாலர், பாதி முன்பணம். பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த இரண்டாவது இரத்த மாதிரியைத் தனியார் ஆய்வகத்தில் சோதிக்கச் சொன்னவர், அதற்குத் தனிக் கட்டணம் என்பதைப் பில் வந்த பிறகுதான் சொன்னார்; முடிவும் ஏறக்குறைய அதே எண்தான், செலவானதுதான் மிச்சம். தொலைபேசியில் பெரும்பாலும் உதவியாளரே கிடைப்பார். விசா நேர்காணலுக்காகச் சென்னை செல்லவிருந்த மைத்துனருக்கு, வழக்கு முடிந்த விதத்தைக் காட்டும் சான்றிட்ட நீதிமன்ற நகல் கட்டாயம் கையில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களே அதை வாங்கி அனுப்ப ஆறு வாரம் எடுத்துக்கொண்டார்கள். விமானச் சீட்டை ஒருமுறை மாற்ற வேண்டியதாயிற்று.