மேடைக்கு முன்னால் பில் புத்தகம்: ஒரு கல்லூரித் தொழில்முனைவுத் திட்டம், ஒரு மதிப்பீடு

மதுரைப் புறநகரில் உள்ள ஒரு கல்லூரியில் மாணவர் தொழில்முனைவுத் திட்டத்தைத் தொடங்கி இதுவரை நடத்திவந்த பேராசிரியர் இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். அடுத்த அணியில் சேரலாமா என்று யோசிக்கும் மாணவர்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறோம். தின்பண்டம், துணி, சிறு கருவி என்று கையில் பிடித்து விற்கும் பொருள் உங்களிடம் இருந்தால் தயங்காமல் சேருங்கள். செயலி எழுதுகிறவர்களுக்கு இங்கே கிடைப்பது குறைவு.

முதல் இரண்டு ஆண்டுகள் ஐடியா போட்டி நடத்தியே போய்விட்டன என்று விடைபெறும் பேராசிரியர் வெளிப்படையாகச் சொல்கிறார். நன்றாகப் பேசிய அணி கேடயம் வாங்கும், அடுத்த பருவத் தேர்வுக்குள் கலைந்துவிடும். பிறகுதான் விதியை மாற்றினார். அறிமுகமில்லாத பத்துப் பேருக்குப் பில் போட்டு விற்றுவிட்டு வந்தால்தான் மேடை. பில்லில் வாங்கியவரின் கைபேசி எண் இருக்கவேண்டும். அலுவலகத்திலிருந்து மூன்று பேரையாவது அழைத்து, “மறுபடி வாங்குவீங்களா?” என்று கேட்கிறார்கள். சித்தப்பாவும் எதிர்வீட்டு அக்காவும் வாங்கியது கணக்கில் சேராது. திட்டத்தின் உயிர் இந்த விதியில்தான் இருக்கிறது.

அடுத்து விலைக் கணக்கு வகுப்பு. 200 கிராம் கேழ்வரகு முறுக்குப் பொட்டலத்தை வைத்துக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறார்கள். மாவும் எண்ணெயும் 32 ரூபாய், அடுப்பும் கூலியும் 12, பை 4, லேபிள் ஒன்றரை. அடக்கம் 49.50. விலை 70 என்று வைத்தால் லாபம் இருபது ரூபாய்க்கு மேல் என்று மாணவர்கள் எழுதுவார்கள். கடைக்காரருக்கு 20 சதவீதம் விட்டால் கைக்கு வருவது 56தான். பத்தில் ஒரு பொட்டலம் திரும்பி வந்தால், விற்ற ஒன்பதுக்கு 504 ரூபாய், பத்துக்கும் ஆன அடக்கம் 495. மிஞ்சுவது ஒன்பது ரூபாய்! சரக்கை ஆட்டோவில் ஏற்றினால் அதுவும் போய்விடும். கடைக்காரர் கடனுக்குக் கேட்டால் அடுத்த தடவை மாவு வாங்கவே கையில் காசு இருக்காது.

பொட்டலம் ஏன் திரும்பி வருகிறது என்பதையும் விடாமல் பார்க்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் பையில் போட்டு ஒட்டினால் உள்ளே வேர்த்து முறுக்கு நமுத்துப்போகும். மெல்லிய பாலிதீன் பை காற்றை விடும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அந்த வாடை இன்னும் சீக்கிரம் வரும். ஒட்டிய பையை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கும் சோதனை அருமையானது. குமிழி பெரும்பாலும் மூலையிலோ, ஒட்டும்போது சுருக்கம் விழுந்த இடத்திலோ கிளம்பும். பையின் வாயில் மாவுத்தூள் ஒட்டியிருந்தாலும் சரியாக ஒட்டாது. பையின் வாயைத் துடைத்து, இரு கையாலும் இழுத்துப் பிடித்து ஒட்டப் பழக்குகிறார்கள். பெயர் அச்சிட்ட பைக்கு இப்போதைக்குப் போகவேண்டாம் என்பதும் சரியான அறிவுரை. அதற்கு அச்சு உருளை செய்ய வேண்டும், ஆர்டர் கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையும் பெரிது. முதல் ஆயிரம் பொட்டலம் வரை வெற்றுப் பையும் ஸ்டிக்கரும் போதும்.

காகித வேலையில் திட்டம் பாதி சரி, பாதி தவறு. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் இணையதளங்களை நம்பாதீர்கள் என்று முதல் வாரமே சொல்லிவிடுகிறார்கள். வணிகச் சின்னத்துக்குத் தனிநபராக இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய், பெரிய நிறுவனமாக இருந்தால் 9,000 என்பதையும் சொல்கிறார்கள். மதுரை சுங்குடிக்கு 2005இலும் மதுரை மல்லிக்கு 2013இலும் புவிசார் குறியீடு (ஓர் ஊரோடு சேர்ந்து பெயர்பெற்ற பொருளுக்கான சட்ட அடையாளம்) கிடைத்தது. சுங்குடி என்று விற்க வரும் அணியிடம், துணி கைமுடிச்சா, மெழுகு அச்சா, ஸ்கிரீன் அச்சா என்று பில்லிலேயே எழுதச் சொல்கிறார்கள். வாங்குகிறவருக்குச் செய்யும் மரியாதை அது.

தவறு எங்கே என்றால், அணிகளைச் சீக்கிரமே பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிடுவதில். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் தனியாள் கடைக்குக் கிடையாது. புதிய நிறுவனங்களுக்கு மாநில அரசு தரும் டான்சீட் தொடக்க நிதிக்கும் அந்த அங்கீகாரம் வேண்டும். அதனால் விற்பனை தொடங்கும் முன்பே கம்பெனி பதிந்துவிடுகிறார்கள். வியாபாரமே இல்லாவிட்டாலும் கம்பெனிக்கு ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. நிதியறிக்கைப் படிவம், ஆண்டறிக்கைப் படிவம் இரண்டையும் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். இரண்டையும் ஓராண்டு மறந்தால் 73,000 ரூபாய். இறுதியாண்டு முடிந்து ஒருவர் சென்னைக்கும் ஒருவர் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டால் இதை யார் கட்டுவது? ஆறு மாதம் விற்றுக் காட்டிய அணிக்கு மட்டும் பதிவு என்று வைத்திருக்கலாம். ஓய்வு பெறுபவரும் இதைத் தம் பெரிய பிழையாகச் சொல்கிறார். யார் எவ்வளவு பங்கு, நடுவில் விலகினால் பங்கு என்னாகும் என்று பதிவுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தைக் கடைசி அணியிலிருந்துதான் கொண்டுவந்திருக்கிறார்.

இன்னொரு குறை, எல்லாம் அவர் ஒருவருடைய தொடர்பில் நிற்பது. குறைந்த எண்ணிக்கையில் லேபிள் அடித்துத் தரும் அச்சகம், கப்பலூரில் ஒரே ஒரு மாதிரிக்காகக்கூட இரும்பு வெட்டித் தரும் பட்டறை, மேலக்காலில் வாழைநார் கொடுப்பவர் என்று அத்தனையும் ஒரு நீல அட்டை நோட்டில் அவர் கையெழுத்தில் இருக்கிறது. எந்த நேரத்தில் போனால் பேசுவார்கள், யாரிடம் முன்பணம் இல்லாமல் நடக்காது என்பதுவரை எழுதியிருக்கிறார். அந்த நோட்டின் நகல் இப்போது அலுவலகத்தில் இருக்கிறது. ஆனால் புதிய பொறுப்பாளரை நேரில் அழைத்துப்போய் அறிமுகப்படுத்தும் வேலை இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது.

சேரும் முன் அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். அணிக்குத் தரும் சுழல்நிதிக் கடனுக்கு இனி யார் கையெழுத்திடுவார்? கல்லூரிப் பட்டறை மாலை ஐந்துக்கு மேலும் திறந்திருக்குமா? வகுப்பு நாலரைக்கு முடிகிறது. அரை மணி நேரத்தில் பை ஒட்டும் இயந்திரம் சூடாகவே பத்து நிமிடம் போய்விடும்.