புல்தரைக் களைக்குப் பூஞ்சைக் குருணை: நான்கு வருட அனுபவம்

புல்தரையில் முளைக்கும் டான்டிலயன் என்ற மஞ்சள் பூக் களைக்கு நான்கு வருடமாக ஸ்கிளரோட்டினியா மைனர் என்ற பூஞ்சையைத்தான் போடுகிறேன். அதற்கு முன்னால் 2,4-டி என்ற ரசாயனக் களைக்கொல்லியைத் தெளித்துக்கொண்டிருந்தேன். குழந்தை அதே புல்லில் தவழ ஆரம்பித்ததும் அந்தக் கேனைத் தொட மனம் வரவில்லை.

இது குருணையாக வருகிறது. உடைத்த பார்லியில் பூஞ்சையை வளர்த்துக் காயவைத்திருப்பார்கள். ஈரமான இலையில் விழுந்ததும் பூஞ்சை உயிர்பெற்று ஆக்சாலிக் அமிலம் சுரக்கிறது. இலையின் செல் சுவர்களை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தை அந்த அமிலம் கவர்ந்துகொள்வதால் சுவர் இளகுகிறது. மீதியைப் பூஞ்சையின் நொதிகள் பார்த்துக்கொள்கின்றன. சில நாள் கழித்துக் காலையில் குனிந்து பார்த்தால் இலை வெந்த கீரை போலத் துவண்டிருக்கும், குருணையைச் சுற்றி நூலாம்படை மாதிரி வெள்ளை இழை ஓடியிருக்கும். அப்புறம் செடியே பழுப்பாகிவிடும். ஒட்டி நிற்கும் புல்லுக்கு ஒன்றும் ஆகாது.

முதல் வருடம் இதெல்லாம் நடக்கவில்லை. வெயில் நேரத்தில் காய்ந்த இலைமேல் தூவினேன், ஒரு செடிகூட வாடவில்லை. மீதிப் பையைக் கொட்டகையில் வைத்தேன். சூட்டில் பூஞ்சை செத்துப்போனது. இப்போது பையை ஃபிரிட்ஜில் வைக்கிறேன். சாயங்காலம் பூவாளியால் இலையை நனைத்துவிட்டுத்தான் போடுகிறேன், இரவு முழுக்க ஈரம் நிற்க வேண்டும். தூள் பறந்தால் ஒவ்வாமை வரலாம் என்பதால் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

இளஞ்செடி ஒரே தடவையில் போய்விடும். முதிர்ந்தது ஆணிவேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும், அதற்கு இரண்டாம் சுற்று வேண்டும். செடி செத்த இடத்தில் உடனே புல்விதை தூவிவிடுங்கள். வெற்றிடம் இருந்தால் அடுத்த களை வந்து உட்கார்ந்துவிடும். புல் வகைக் களைகளை இது தொடாது, அவற்றைக் கையால்தான் பிடுங்குகிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இயற்கையானது என்பதால் சாதுவானது என்று நினைத்துவிடாதீர்கள். லெட்யூஸை அழுகவைப்பதும் நிலக்கடலையைக் கருகவைப்பதும் இதே இனப் பூஞ்சைதான். காய்கறிப் பாத்தி பக்கத்தில் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

அதனால்தான் உயிருள்ள பூஞ்சை இல்லாமல், அது சுரக்கும் பொருளை மட்டும் பிரித்துப் பயன்படுத்தும் ஆராய்ச்சியை ஆவலோடு கவனிக்கிறேன். ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் என்ற பூஞ்சை தரும் ஆஸ்ப்டெரிக் அமிலம் களைக்கொல்லியாக வேலை செய்வதை 2018இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். வேலின், லியூசின் போன்ற அமினோ அமிலங்களைச் செடி தயாரிக்க உதவும் ஒரு நொதியை அது முடக்குகிறது. அந்தத் தயாரிப்பு வழியே நம் உடலில் கிடையாது, நாம் அவற்றைச் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். இது கடைக்கு வந்தால் முதல் ஆளாக வாங்கிப் போட்டுப் பார்ப்பேன்.

சரி, இப்போதைய நிலவரம்: புல்தரை முழுக்க மஞ்சள் பூவாக இருந்தது போய், வேலியோரத்தில் ஏழெட்டுச் செடிதான் பாக்கி. எல்லாம் முதிர்ந்த வேர். இன்று சாயங்காலம் மூட்டமாக இருக்கிறது, இரண்டாம் சுற்றைப் போட்டுவிடப் போகிறேன்.