சுறாப்புட்டு அருமை, சுறா எதுவென்றுதான் தெரியவில்லை

பினாங்கு ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சென்ற சனிக்கிழமை மதியம் சுறாப்புட்டு சாப்பிட்டேன். நான் சொல்லப்போகும் குறை அந்தக் கடைக்கு மட்டும் உரியதன்று என்பதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. சமையல் உயர்தரம். மஞ்சள் சேர்த்து வேகவைத்த மீனைத் தோல் நீக்கி, நீர் போகப் பிழிந்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் தாராளமாகச் சேர்த்து, கறிவேப்பிலை மொறுமொறுப்பாகும் வரை பொறுமையாக வதக்கியிருந்தார்கள். சுறாவின் சதையில் யூரியா இருப்பதால், மீன் பழசானால் அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். இங்கே அந்த வாடை துளியும் இல்லை. ஒரு தட்டு 12 மலேசிய வெள்ளி. ரசம் மட்டும் ஆறிப்போயிருந்தது.

கல்லாவில் இருந்த பெரியவரிடம், "ஐயா, இது என்ன சுறா?" என்று கேட்டேன். "பால் சுறான்னுதான் சொல்லிக் கொடுக்கிறாங்கம்மா. தலையும் வாலும் இல்லாமத் துண்டாத்தான் வருது" என்றார். ஒளிவுமறைவில்லாத பதில்தான், ஆனால் வால் இல்லை என்ற சொல்லே என் மனத்தை உறுத்தியது.

திரெஷர் சுறா என்னும் நீள்வால் சுறாவை யாரும் எளிதில் இனங்காணலாம். அதன் மொத்த நீளத்தில் ஏறத்தாழப் பாதி வால்தான். அந்த வாலைச் சாட்டைபோலத் தலைக்கு மேலாக வீசி, மத்திக் கூட்டத்தில் ஒரே அடியில் பல மீன்களை மயங்கச் செய்து, பிறகு நிதானமாகத் தின்கிறது. 2010இல் பிலிப்பீன்ஸின் பெஸ்காடோர் தீவருகே இந்த வேட்டையைப் படம்பிடித்தார்கள். வாலை வெட்டிவிட்டால் எஞ்சிய துண்டை வைத்து இன்ன சுறா என்று சொல்ல, மீனில் பழகிய கண்ணும் திணறும். உதிர்த்துப் புட்டாக்கிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நீள்வால் சுறாவின் மூன்று இனங்களுமே அழிவின் அச்சுறுத்தலில் உள்ளன. அவற்றுள் ஒன்றான பெருங்கடல் நீள்வால் சுறா வழக்கமாக ஓர் ஈற்றில் 2 குட்டிகளே ஈனும். அவை தாயின் வயிற்றுக்குள் கருவுறாத முட்டைகளைத் தின்று வளர்கின்றன. பெண் சுறா பருவமடையவே 8 அல்லது 9 ஆண்டுகள் ஆகும். இலட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்களைப் பிடிப்பதுபோல் இதைப் பிடித்தால் இனம் எப்படித் தாங்கும்? சூரை மீன் பிடிக்கப் போடும் தூண்டில் வரிசைகளில் இது தானாகவே சிக்கிக்கொள்வதால், இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் தன் உறுப்பு நாடுகளின் கப்பல்கள் இதை வைத்திருக்கவும் விற்கவும் 2012ஆம் ஆண்டுத் தீர்மானத்தால் தடைசெய்திருக்கிறது. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் 2016இல் சேர்த்தார்கள்.

நான் தின்றது நீள்வால் சுறா என்று சொல்ல மாட்டேன். அது திறந்த பெருங்கடலின் மீன். ஆழம் குறைந்த மலாக்கா நீரிணையில் பிடிபட்ட சிறிய சுறாவாகவே இது இருந்திருக்கலாம். ஆயினும் பிள்ளைபெற்ற பெண்களுக்குப் பால் ஊறும் என்று நம்பிக் கொடுக்கும் உணவில், பெரிய சுறாக்களின் உடலில் சேரும் பாதரசத்தை எண்ணியாவது, மீன் எதுவென்று தெரிந்திருக்க வேண்டாமா? வாலோடு முழு மீனாக வாங்கும்படி பெரியவரிடம் கேட்டுக்கொண்டேன். மீன்காரரிடம் பேசுவதாகச் சொன்னார். சமையலுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். முழுச் சுறா அந்தச் சமையலறைக்கு வரும்வரை, அங்கே போனால் நெத்திலி வறுவல்தான் கேட்பேன்.